எலெக்டிவுக்குப் போய்வந்தால் ரெசிடென்சி கிடைக்குமா?

இறுதியாண்டு மாணவி:
அமெரிக்காவில் பொது மருத்துவ ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனையில் பணிசெய்தபடியே பெறும் மேற்பயிற்சிக்கு, விண்ணப்பிக்கப் போகிறேன். அதற்கு முன் மாணவியாகவே அங்கே ஒரு மாதம் பயிற்சி பெறும் எலெக்டிவுக்கு இரண்டு இடங்கள் கைவசம் உள்ளன. ஒன்று பெயர்பெற்ற பல்கலைக்கழக மருத்துவமனை. ஆனால் அங்கே பெரும்பாலும் உடன் நின்று பார்ப்பதுதான். மற்றொன்று யாரும் கேள்விப்படாத சிறிய மருத்துவமனையின் வார்டு. எதற்குப் போனாலும் கடன் வாங்கித்தான் போக வேண்டும். அந்த மாதத்தைப் படிப்புக்கே செலவிட்டால் என்ன?

ஸ்டெப் 2 முடித்தவன்:
முதலில் மதிப்பெண். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதற்கட்டமான ஸ்டெப் 1-இல் 2022 ஜனவரியிலிருந்து தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான் வரும். விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் எண்ணாகத் தெரிவது அடுத்த கட்டத் தேர்வான ஸ்டெப் 2 சி.கே. ஒன்றே. அது குறைந்தால் பல இடங்களில் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாம் ஆண்டு ரெசிடென்ட்:
மேலே சொன்னது சரி. ஆனாலும் போங்கள் தங்கையே, அந்தச் சிறிய மருத்துவமனைக்கே போங்கள். ஓரமாக நின்றவரைப் பற்றி அட்டெண்டிங், அதாவது மேற்பார்வை மருத்துவர், என்னதான் எழுத முடியும்? "நேரத்துக்கு வந்தார், இனிமையாகப் பழகினார்." ஓர் இடத்துக்கு நான்கு பரிந்துரைக் கடிதங்கள் வரைதான் அனுப்பலாம், அதில் ஒன்றை இதற்கா வீணாக்குவது?

நான் போன இடமும் பெயரில்லாத இடம்தான். விடியும் முன்பே என் நோயாளிகளைப் பார்த்து, எடையையும் சிறுநீர் அளவையும் குறித்துக்கொண்டு, ரவுண்ட்ஸில் நானே விவரம் சொல்ல வேண்டும். இதயச் செயலிழப்பால் மூச்சுத்திணறலோடு வந்த முதியவர் ஒருவர், மாத்திரையை ஒருவேளைகூட விட்டதில்லை என்று சாதித்தார். எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. அவர் வழக்கமாக வாங்கும் மருந்துக்கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். உடலில் தேங்கும் நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு மாத்திரையை இரண்டு மாதமாக வாங்கவே இல்லையாம். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, யாரும் செய்யக்கூடியதுதான். ஆனால் பின்னர் ஒரு நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அந்த மருந்துக்கடை பற்றியதுதான். அட்டெண்டிங் அதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

பணம் கட்டும் முன் அந்த மருத்துவமனையின் ரெசிடென்ட் பட்டியலை இணையதளத்தில் பாருங்கள். வெளிநாட்டில் படித்தவர் ஒருவர்கூட இல்லை, விசாவுக்கும் பொறுப்பேற்பதில்லை என்றால், கடிதம் கிடைக்கலாம். இடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இன்னொன்று, நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் எலெக்டிவ் மாணவராக இருக்கும்வரைதான். பட்டம் வாங்கிவிட்டால் பெரும்பாலும் உடன் நின்று பார்க்கும் அப்சர்வர்ஷிப்தான் கிடைக்கும்.

விசா அனுபவசாலி:
சுற்றுலா விசாவில் போய் வார்டில் நிற்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மருத்துவ மாணவர் எலெக்டிவுக்கு உரியது பி-1. மருத்துவமனையிடம் ஊதியம் வாங்கக் கூடாது. அழைப்புக் கடிதத்தில் எலெக்டிவ் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

இறுதியாண்டு மாணவி:
நன்றி அண்ணா. பரிந்துரைக் கடிதத்தை எப்போது கேட்பது? வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் ஆண்டு ரெசிடென்ட்:
கடைசி வாரத்தில், நேரில். "எனக்காக வலுவான கடிதம் எழுத முடியுமா?" என்று அப்படியே கேளுங்கள். இழுத்தால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைப் பாருங்கள். கடிதத்தைப் படிக்கும் உரிமை வேண்டாம் என்று படிவத்தில் குறித்துவிடுங்கள். நீங்கள் படித்துப் பார்த்த கடிதத்துக்கு அங்கே மதிப்புக் குறைவு. விண்ணப்பங்கள் செப்டம்பரில் போகும். ஆகஸ்டில் எலெக்டிவ் வைத்துக்கொண்டால் கடிதம் வந்து சேருவதற்குள் நேர்காணலுக்கு அழைப்போர் பட்டியல் முடிந்திருக்கலாம். வசந்த காலத்திலேயே தேதி கேளுங்கள்.