விமான நிறுவனம் கைமாறினால் பென்ஷன் என்ன ஆகும்? பெஞ்ச் சண்டையைத் தீர்த்து வையுங்கள்

பல்லாவரம் பாலு:
காலை நடை முடிந்து நாங்கள் நாலைந்து பேர் உட்காரும் சிமென்ட் பெஞ்ச் ஒன்று உண்டு. நேற்று அங்கே பெரிய சண்டை. "டாடா வாங்கினதும் ஏர் இந்தியாக்காரர்களுக்குப் பென்ஷன் போச்சு" என்கிறார் ஒருவர். "அதெப்படிப் போகும், கவர்ன்மென்ட் பென்ஷன் ஆயிற்றே" என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர்கள், விமான நிலையத்துக்குப் பேரனை வழியனுப்பப் போனதோடு சரி. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக் காலை ஆறு மணிக்குள் பதில் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் தப்பு. இருபது வருடமாகக் கம்பெனிகளுக்கு பி.எஃப். வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ரயில்வே ஊழியருக்குக் கிடைப்பது போன்ற அரசு பென்ஷன் ஏர் இந்தியாவிலும் இந்தியன் ஏர்லைன்ஸிலும் கிடையாது. இரண்டும் 1925ஆம் ஆண்டின் பி.எஃப். சட்டத்தின் கீழ் தனித்தனி டிரஸ்ட் நடத்தின. 2007இல் இணைந்த பிறகும் அந்தச் சட்டம்தான். ஊழியர் 10 சதவீதம், நிர்வாகம் 10 சதவீதம். பென்ஷன் என்று அவர்கள் சொன்னது ஊழியர்களே சம்பளத்தில் கட்டிச் சேர்த்த ஆன்யுட்டித் திட்டம், அதாவது சேர்த்த பணத்தைப் பிறகு தவணை தவணையாகத் திரும்ப வாங்குவது. சேர்ந்த தொகைக்கு ஏற்றபடி வரும். குறைந்தபட்சம் இவ்வளவு என்ற உத்தரவாதம் இல்லை. பணியில் இருக்கும்போது இறந்தால் கூடுதலாக ஒன்றும் இல்லை.

2021 அக்டோபர் 8 அன்று டாடாவின் டாலஸ் நிறுவனத்துக்கு 18,000 கோடிக்கு முடிவானது. 2022 ஜனவரி 27 அன்று கைமாறியது. அதற்கு முன்பே, 2021 டிசம்பர் 1 முதல், ஊழியர்கள் 1952ஆம் ஆண்டின் பி.எஃப். சட்டத்துக்குள், அதாவது மத்திய அரசின் பி.எஃப். அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வுக்குள் வந்துவிட்டார்கள். முதல் மாதம் 7,453 பேருக்குப் பணம் கட்டப்பட்டது. 1925 சட்டம் அரசு, அரசு சார்ந்த அமைப்புகளுக்கானது, தனியார் அதில் உட்கார முடியாது. இப்போது நிர்வாகம் 12 சதவீதம் கட்டுகிறது. மாதம் குறைந்தது 1,000 ரூபாய் பென்ஷன் உண்டு. பணியில் இறந்தால் இரண்டரை லட்சத்திலிருந்து 7 லட்சம் வரை இன்ஷூரன்ஸ். ஆக, போனது ஒன்றுமில்லை, வந்ததுதான் உண்டு.

ஹேங்கர்க்காரன்:
கணக்குப்பிள்ளை சார், நீங்கள் சொன்னதெல்லாம் பத்திரிகைச் செய்தி. நான் விமானத் துறையில் 34 வருடம் ஸ்பேனர் பிடித்தவன், எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். உங்கள் 12 சதவீதத்தை ஒரு பேனா எடுத்துப் போட்டுப் பார்ப்போமா?

அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் சேர்த்து 40,000 வாங்குகிற ஒருவர். முன்பு நிர்வாகம் கட்டியது 10 சதவீதம், 4,000 ரூபாய். மொத்தமும் அவர் கணக்கில். இப்போது 12 சதவீதம், 4,800. ஆனால் இ.பி.எஃப்.ஓ. நடத்தும் இ.பி.எஸ். பென்ஷன் திட்டத்தில் அவர் உறுப்பினர் என்றால் 15,000 ரூபாய் வரம்பில் 8.33 சதவீதம், அதாவது 1,250 ரூபாய், பென்ஷன் நிதிக்குப் போய்விடும். கணக்கில் விழுவது 3,550. முன்பைவிட 450 குறைவு! 62,500 ரூபாய் சம்பளத்தில்தான் சமமாகும். அதற்குக் கீழே இருப்பவர் பாஸ்புக்கில் இறங்குமுகம். 'கூடுதல் 2 சதவீதம்' யாருக்கு?

கணக்குப்பிள்ளை:
கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 1,250 காற்றில் போகவில்லையே, பென்ஷனாகத்தானே திரும்பி வருகிறது. பாதிக் கணக்கைக் காட்டிவிட்டு நஷ்டம் என்றால் எப்படி?

ஹேங்கர்க்காரன்:
எவ்வளவு திரும்பி வருகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். 15,000 பெருக்கல் சர்வீஸ் வகுத்தல் 70. இருபது வருடம் கட்டினால், இரண்டு வருட போனஸும் சேர்த்து, மாதம் 4,714 ரூபாய். போனஸோடு சேர்த்து முப்பத்தைந்து வருடம் ஆனால் 7,500. அது போக, பத்து வருட சர்வீஸ் இல்லை என்றால் மாதப் பென்ஷனே இல்லை, ஏதோ ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஐம்பது வயதில் இதற்குள் நுழைந்த மெக்கானிக்குக்கு 58 வரை எட்டு வருடம்தான். அவர் பென்ஷனுக்குக் கட்டுகிறார், பென்ஷன் வாங்க மாட்டார்.

கைமாற்றத்தில் கடன் எப்படிப் பிரிந்தது தெரியுமா? 2021 ஆகஸ்ட் முடிவில் மொத்தம் 61,562 கோடி. டாடா ஏற்றது 15,300 கோடி. மீதி 46,262 கோடியை அரசின் ஏ.ஐ.ஏ.எச்.எல். நிறுவனம் சுமந்தது. கடன் கொடுத்தவனுக்கு அரசு ஜாமீன் நின்றது. உழைத்தவனின் முதுமைக்கு?

பல்லாவரம் பாலு:
சண்டை பெஞ்சில் இருந்ததைவிட இங்கே பலமாக இருக்கிறதே. நடத்துங்கள், நடத்துங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஹேங்கர் அண்ணே, உங்கள் ஐம்பது வயது மெக்கானிக் மறுமாதமே இறந்துவிட்டால்? பத்து வருடக் கணக்கு அவர் மனைவிக்குக் கிடையாது. பென்ஷன் நிதிக்கு ஒரு மாதம் கட்டியிருந்தாலே விதவைப் பென்ஷன் உண்டு, அதுவும் மறுமணம் செய்யாதவரை வாழ்நாள் முழுக்க. பழைய டிரஸ்டில் இது இருந்ததா?

இன்னொன்று. அங்கே விற்கப்பட்டது ஏர் இந்தியாவின் பங்குகள். கம்பெனி அதே கம்பெனி, அதன் உடைமையாளர்தான் மாறினார். அதனால் சர்வீஸ் அறுபடவில்லை, கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, 1990இல் சேர்ந்தவருக்கு 1990இலிருந்துதான் கணக்கு. இதே இடத்தில் நிறுவனத்தை மூடி, விமானங்களையும் ரூட்டையும் மட்டும் விற்றிருந்தால் கதை வேறு. நீங்கள் பயப்பட வேண்டியது அந்த மாதிரிக் கைமாற்றத்துக்கு.

நெவார்க் நாராயணி:
அந்த வேறு கதை இங்கே அமெரிக்காவில் நடந்தது, கொஞ்சம் சொல்கிறேன். டி.டபிள்யூ.ஏ. என்ற விமான நிறுவனம் 2001 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதன் சொத்துகளை வாங்கியது, ஊழியர்களில் பெரும்பாலோரை எடுத்துக்கொண்டது, பழைய பென்ஷன் திட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அது பி.பி.ஜி.சி. என்கிற அரசு பென்ஷன் காப்பீட்டு அமைப்பின் மடியில் விழுந்தது.

இதைவிடப் பெரிய அடி யுனைடெட் ஏர்லைன்ஸ். 2005 மே மாதம் சிகாகோ திவால் நீதிமன்றம் நான்கு பென்ஷன் திட்டங்களையும் கைவிட அனுமதித்தது. பற்றாக்குறை 980 கோடி டாலர், அதில் பி.பி.ஜி.சி. ஏற்றது 660 கோடி. மிச்சம் ஊழியர்கள் தலையில். வயிற்றெரிச்சல் என்னவென்றால், பி.பி.ஜி.சி. கொடுக்கும் உச்சவரம்பு 65 வயதுக்கானது. 60 வயதில் வாங்கினால் அதில் 65 சதவீதம்தான். அன்றைக்குப் பைலட்கள் 60 வயதில் கட்டாயம் இறங்கியாக வேண்டும் என்று அரசே விதி வைத்திருந்தது. ஒரு கை "60இல் போ" என்றது, மறு கை "60இல் வந்தால் குறைத்துத்தான் தருவேன்" என்றது.

யுனைடெட்டில் யாரும் யாரையும் வாங்கக்கூட இல்லை, அதே நிர்வாகம்தான். ஆகவே கைமாற்றம் மட்டுமே வில்லன் என்று நினைக்காதீர்கள். வாக்குறுதி கம்பெனி ஏட்டில் இருந்ததா, பணம் தனியே ஓரிடத்தில் இருந்ததா என்று பாருங்கள்.

ஹேங்கர்க்காரன்:
நாராயணி அம்மா, நன்றி. ஆனால் உங்கள் ஊரில் விழுந்தால் பிடிக்க ஒரு பி.பி.ஜி.சி. இருந்தது. ஆன்யுட்டித் திட்டத்துக்கு இங்கே அப்படி எது? விலைவாசி ஏற ஏற எங்கள் தொகை அசையாமல் நிற்கும், பஞ்சப்படியும் கிடையாது. பக்கத்து வீட்டு ரயில்வேக்காரர் வருடத்துக்கு இரண்டு தடவை டி.ஏ. உயர்வு என்று ஸ்வீட் கொடுப்பார். வாங்கித் தின்ன வேண்டியதுதான்.

சைதை சட்டையர்:
(சட்டம் படித்ததால் நண்பர்கள் வைத்த பெயர், உடைக் கடை இல்லை.) இரண்டு பேருமே ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். உரிமை இருக்கிறது, சரி. அதைக் கேட்க எந்தக் கதவைத் தட்டுவது?

அரசு நிறுவனமாக இருந்தவரை ஊழியர் நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், அதாவது அரசு அமைப்புக்கு எதிரான நேரடி மனு. ஏர் இந்தியாவின் கேபின் ஊழியர்கள் சிலர் பதவி உயர்வு, சம்பளத் திருத்தம் பற்றி மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். போனபோது அது அரசு நிறுவனம். வழக்கு வருடக்கணக்கில் கிடந்து, தீர்ப்பு வந்த 2022 செப்டம்பரில் அது தனியார் நிறுவனம். "இனி ரிட் செல்லாது" என்றது உயர் நீதிமன்றம். 2024 மே 16 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வேறு மன்றத்தில் பரிகாரம் தேடிக்கொள்ளலாம் என்றார்கள். அதாவது பத்து வருடம் வரிசையில் நின்ற பிறகு, கவுன்ட்டர் மாறிவிட்டது, அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்.

எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது இதுதான். சதவீதம் எல்லாம் அப்புறம்.

கணக்குப்பிள்ளை:
பி.எஃப். பாக்கிக்கு ரிட் எதற்கு? கட்டத் தவறினால் இ.பி.எஃப்.ஓ.வே வசூல் செய்யும். திவாலில்கூட அந்தப் பணத்தைத் தொட முடியாது. ஜெட் ஏர்வேஸைப் பாருங்கள். 2019 ஏப்ரலில் நின்றது. வாங்க வந்த ஜலான் கல்ராக் கூட்டமைப்பு, பி.எஃப்., கிராஜுவிட்டியை முழுசாகத் தர மாட்டோம் என்றது. 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் "கொடுத்தாக வேண்டும்" என்றது. 2023 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

சைதை சட்டையர்:
மீதிக் கதையையும் சொல்லுங்கள் சார். அந்தக் கூட்டமைப்பு ஒழுங்காகப் பணம் போடவே இல்லை. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜெட்டைக் கலைத்துவிடச் சொன்னது. கலைப்பிலும் பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகள் மற்ற கடன்காரர்களுக்கான சொத்தில் சேராது என்று திவால் சட்டம் சொல்கிறது, உண்மை. ஆனால் அப்படியொரு நிதியை ஒழுங்காக ஒதுக்கி வைத்திருந்தால்தானே 'சேராது' என்று தனியே எடுக்க முடியும்? வெறும் பானையைப் பூட்டி வைத்து என்ன பயன்?

கணக்குப்பிள்ளை:
அதை மறுக்கவில்லை. கிராஜுவிட்டி விஷயத்தில் நம் ஊரில் பல நிறுவனங்கள் நிதியே ஒதுக்குவதில்லை, ஆள் போகும்போது அந்த மாதக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். கைமாற்றத்தில் முதலில் அடிபடுவது அதுதான்.

ஹேங்கர்க்காரன்:
அப்பாடா, ஒரு இடத்தில் ஒத்துப்போனோம்.

மருத்துவம் பற்றி யாரும் பேசவில்லை. எழுபது வயதுக்காரனுக்கு மாதம் ஆயிரம் முன்னே பின்னே வந்தால் சமாளிப்பான், ஆஸ்பத்திரி பில் அப்படியில்லை. ஏர் இந்தியாவில் ஓய்வுபெற்றவர்களின் மருத்துவத்தை வாங்கியவர் ஏற்கவில்லை. அரசு ஏற்று, மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.ஸில் சேர்த்தது. சென்னையில் வீடு இருந்தால் சரி. ரிட்டயர் ஆனதும் சொந்த ஊரில் காரை வீடு கட்டிக் குடியேறியவன், டிஸ்பென்சரிக்கு எத்தனை பஸ் மாற வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
அரசு ஏற்காமல் விட்டிருந்தால் இன்னும் மோசம் இல்லையா?

ஹேங்கர்க்காரன்:
'இன்னும் மோசம்' என்பதை அளவுகோலாக வைத்தால் எல்லாமே நல்லதாகத்தான் தெரியும் சார்.

நைட்ஷிப்ட்:
அண்ணன்களே, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வருகிறேன். நிரந்தர ஊழியருக்கே இத்தனை பேச்சு. விற்பனை நேரத்தில் ஏர் இந்தியாவில் 12,085 பேர், அதில் 4,001 பேர் ஒப்பந்தம் என்று அரசே சொன்னது. ஒப்பந்தக்காரனுக்கு எப்போதும் கைமாற்றம்தான். நான் வேறொரு விமான நிலையத்தில் லோடர். மூன்று வருடத்தில் இரண்டு கான்ட்ராக்டர் மாறிவிட்டார்கள், யூனிஃபார்ம் கலர் மட்டும் மாறும், தூக்குகிற பெட்டி அதேதான். முதல் கான்ட்ராக்டர் என் பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதியைப் போடவே இல்லை. அதனால் பழைய பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்ற முடியவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை.

கணக்குப்பிள்ளை:
தம்பி, அவர்களை விடு. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் தாண்டியிருந்தால், விலகிய தேதியை நீயே உறுப்பினர் போர்ட்டலில் போடலாம். ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓ.டி.பி. வரும். போட்டபின் திருத்துவது சிரமம், ஆகவே கடைசிச் சம்பள மாதத்தைப் பார்த்துப் போடு. இது பண விஷயம் மட்டுமில்லை, பத்து வருட சர்வீஸ் கணக்கில் அந்தப் பழைய மாதங்களும் சேர வேண்டுமே.

நைட்ஷிப்ட்:
இப்போதே உட்கார்ந்தேன். தேதி ஏறிவிட்டது! ஆனால் டிரான்ஸ்ஃபர் கேட்டால் பெயர் பொருந்தவில்லை என்கிறது. ஆதாரில் இனிஷியல் பின்னால், பழைய பி.எஃப். கணக்கில் அப்பா பெயரே முழுசாக முன்னால் இருக்கிறது.

ஹேங்கர்க்காரன்:
தமிழ்நாட்டுக்காரன் தலையெழுத்து. எனக்கும் ரிட்டயர் ஆகும்போது இதேதான், ஆறு மாதம் அலைந்தேன். கூட்டு உறுதிமொழிப் படிவம் ஒன்று உண்டு, அதில் அப்போது பழைய நிறுவனமும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. உனக்கும் அது தேவைப்பட்டால், அவன்தான் போன் எடுக்கவில்லையே! ஆபீஸ் இன்னும் இருக்கிறதா, பூட்டிவிட்டார்களா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா. பூட்டியிருந்தால் வேறு வழி இருக்கிறது, கணக்குப்பிள்ளை சார் சொல்வார்.

கணக்குப்பிள்ளை:
சொல்கிறேன். ராயப்பேட்டை பி.எஃப். ஆபீஸுக்குப் போவதாக இருந்தால் டோக்கனுக்குக் காலையிலேயே போய்விடு.

பல்லாவரம் பாலு:
ஆறு மணிக்குப் பெஞ்சில் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "அரசு பென்ஷன்" என்று சொன்னவர் ஒன்றும் பேசவில்லை. "பென்ஷன் போச்சு" என்று சொன்னவர், "நான் சொன்னது சரிதானே" என்கிறார். அந்த 62,500 கணக்கை யாராவது இன்னொரு தடவை நிதானமாக எழுத முடியுமா? நாளைக்குப் பேப்பரில் எழுதிக் கொண்டுபோகப் போகிறேன்.