ஓடுற ஆம்புலன்ஸ்ல ஊசி குத்திருச்சு, 5 மணி நேரம் ஆச்சு, சூப்பர்வைசர் எழுதாதேங்கறார். என்ன பண்றது?

பச்சை வென்ஃப்ளான் (ராத்திரி 2.05)

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ்ல ஈ.எம்.டி. (வண்டியிலேயே பேஷண்டுக்கு அவசர சிகிச்சை பார்க்கறவன்), ரெண்டு வருஷம் ஆகப்போகுது. சட்டையில ஆஸ்பத்திரி பேர் இருக்கு ஆனா பேப்பர்ல மேன்பவர் காண்ட்ராக்ட்.

நேத்து ராத்திரி 9 மணி தாண்டி பைபாஸ்ல ஒரு பைக் ஆக்சிடென்ட் கேஸ். 40 வயசு இருக்கும், தொடை முறிஞ்சு ரத்தம் நிறைய போயிருச்சு, பி.பி. இறங்கிட்டே வருது, வண்டியை நிறுத்த நேரமில்ல, ஓடும்போதே 18 நம்பர் வென்ஃப்ளான் (டிரிப் ஏத்தற ஊசிக்குழாய்) போட்டேன். லைன் கிடைச்சிருச்சு. ஊசியை உருவி வலது கையில புடிச்சுக்கிட்டே இடது கையால பிளாஸ்டரை அமுக்கிட்டு இருக்கேன், ஸ்பீட் பிரேக்கர் வந்துச்சு பாருங்க, வண்டி ஒரு தூக்கு தூக்கி போட்டதுல இடது ஆள்காட்டி விரல்ல கிளவுஸோட சேர்த்து உள்ள ஏறிருச்சு. எங்க வண்டியில ஷார்ப்ஸ் டப்பா (யூஸ் பண்ண ஊசியைப் போடற டப்பா) பின்கதவு ஓரம் மாட்டியிருக்கு, தலைமாட்டு சீட்ல உட்கார்ந்தா எட்டவே எட்டாது, அதான் ஊசி கையிலேயே இருந்துச்சு.

பேஷண்டை இறக்கிட்டு சோப்பு போட்டு கழுவினேன். சூப்பர்வைசருக்கு போன் பண்ணா "சின்னக் குத்துதானே, ஸ்பிரிட் வச்சு தொடச்சுட்டு அடுத்த கேஸ் போ, லாக் புக்ல கிறுக்கி வைக்காத, அடுத்த வாரம் ஆடிட் வருது"ங்கறார். இப்பதான் ரூமுக்கு வந்தேன், தூக்கம் வரல. ஹெபடைடிஸ் பி ஊசி படிக்கும்போது ரெண்டு போட்டாங்க, மூணாவது போட்டேனான்னு ஞாபகமே இல்ல. வீட்ல சம்சாரம் 5 மாசம் வேற. அந்த ஆளுக்கு எச்.ஐ.வி. இருந்தா? விடியட்டும்னு விட்டா லேட் ஆயிடுமா? எழுதிக் கொடுத்தா வேலை போயிடுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சும்மா ஒருத்தன் (2.11)

ப்ரோ டென்ஷன் ஆகாத, குத்தின இடத்தை நல்லா பிதுக்கி ரத்தத்தை வெளியேத்து, டெட்டால்ல ஒரு பத்து நிமிஷம் விரலை முக்கி வை, கிருமி செத்துரும்.

கேசுவால்டி அக்கா (2.16)

மேல சொன்னதை செய்யாத தம்பி. பிதுக்கக் கூடாது, விரலை வாயில வைக்கக் கூடாது, டெட்டால் பிளீச்சிங் எதுவும் வேணாம், தோல் இன்னும் புண்ணாகும் அவ்வளவுதான். ஓடுற தண்ணி, சோப்பு, அது போதும், அதை நீ பண்ணிட்ட.

இப்ப எந்திரிச்சு சட்டையைப் போடு. விடியற வரைக்கும் காத்திருக்காத. பி.இ.பி. மாத்திரை (குத்தினதுக்கப்புறம் எச்.ஐ.வி. தொத்தாம தடுக்கறது) 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா ரொம்ப நல்லது, 72 மணி நேரம் தாண்டினா கொடுக்கறதே இல்ல, நடுவுல எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். பெரிய ஜி.எச். கேசுவால்டியில ராத்திரியும் ஸ்டாக் வச்சிருப்பாங்க, காசு கிடையாது. ஏ.ஆர்.டி. சென்டர் (எச்.ஐ.வி. மருந்து கொடுக்கற இடம்) காலையிலதான் தொறக்கும்னு யாராச்சும் திருப்பி அனுப்பினா டியூட்டி டாக்டரைப் பார்க்காம நகராத, "ஆக்குபேஷனல் எக்ஸ்போஷர், முதல் டோஸ் வேணும்"னு அந்த வார்த்தையவே சொல்லு, வேலை பார்க்கும்போது ரத்தம் பட்டுச்சுன்னு அர்த்தம். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூணும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒண்ணு, 28 நாள். முதல் டோஸ் போட்டுட்டு மிச்சத்தை யோசிக்கலாம், தேவையில்லன்னா நிறுத்திடலாம்.

மாத்திரைக்கு முன்னாடி உன் ரத்தத்தை எடுக்கச் சொல்லு. எச்.ஐ.வி., எச்.பி.எஸ்.ஏ.ஜி. (ஹெபடைடிஸ் பி இருக்கான்னு), எச்.சி.வி. (ஹெபடைடிஸ் சி), கூடவே ஆன்ட்டி எச்.பி.எஸ். டைட்டர் (ஹெபடைடிஸ் பிக்கு எதிர்ப்பு சக்தி எவ்வளவுன்னு). இந்த டைட்டரை நிறைய பேர் விட்டுடுவாங்க.

இன்னொண்ணு, கோவிச்சுக்காத. எல்லாரும் எச்.ஐ.வி.ன்னுதான் பயப்படறீங்க. எச்.ஐ.வி. உள்ளவங்க ரத்தம் பட்ட ஊசி குத்தினா தொத்துற வாய்ப்பு 0.3 சதவீதம், அதாவது 300 குத்துல ஒண்ணு. ஹெபடைடிஸ் பி அப்படியில்ல, தடுப்பூசி போடாத ஆளுக்கு 6ல இருந்து 30 சதவீதம் வரைக்கும் போகும். அந்த வைரஸ் காஞ்ச ரத்தத்துல 7 நாள் உசுரோட இருக்கும், உங்க ஸ்ட்ரெச்சர் கம்பி இடுக்குல இருக்கிற கறை உட்பட. நீ கவலைப்பட வேண்டியது அந்த மூணாவது ஊசியைப் பத்தி.

பச்சை வென்ஃப்ளான் (2.24)

அக்கா கிளம்பிட்டேன். பைலட் அண்ணனை (எங்க வண்டி டிரைவர்) எழுப்பினேன், பைக்ல கூட்டிட்டுப் போறேங்கறார். ஸ்பீட் பிரேக்கருக்கு அவர்தான் காரணம்னு அழாத குறையா இருக்கார் பாவம்.

நாலு வழிச் சாலை (2.50)

நான் 11 வருஷமா இந்த வேலை. பைலட் மேல தப்பே இல்ல, ஓடுற வண்டியில குத்து வாங்காத ஈ.எம்.டி. எனக்குத் தெரிஞ்சு கிடையாது. டப்பாவை பின்கதவுல மாட்டினவனைத்தான் சொல்லணும். ஊசி உருவின கை எட்டற தூரத்துல டப்பா இருக்கணும், வெள்ளைக் கலர் பஞ்சர் ப்ரூஃப், முக்கால்வாசி நிறைஞ்சா மாத்தணும். எங்க பழைய வண்டியில டப்பாவே இல்லாம ஊசியை சீட் குஷன்ல குத்தி வச்சுட்டு வருவோம், அப்புறம் வண்டி கழுவ வந்த பையன் கையில ஏறுச்சு. அவனுக்கு எந்த பேஷண்ட் ஊசின்னு கூடத் தெரியாது. அன்னைக்கு நாங்களும் எழுதல. இப்பவும் அந்தப் பையன் ஞாபகம் வந்தா ஒரு மாதிரி இருக்கும்.

அதனால சொல்றேன், எழுது. லாக் புக்கை மறைச்சாலும் உன் போன்ல இருந்து சூப்பர்வைசருக்கு ஒரு மெசேஜ் போடு: எத்தனை மணிக்கு, எந்த ட்ரிப் நம்பர், எந்த விரல், என்ன ஊசி, கிளவுஸ் போட்டிருந்தேன், எத்தனை மணிக்கு உங்களுக்கு போன் பண்ணேன். அவர் பதில் போடலைன்னாலும் நீல டிக் போதும்.

நாப்பது கால் சைக்கிள் (காலை 7.30)

தொழிற்சங்கத்துல இந்த மாதிரி கேஸ் பார்க்கறவன்கிற முறையில சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

தம்பி, இன்னைக்கு எடுத்த ரத்த ரிப்போர்ட்தான் உன்னோட பத்திரம். இன்னைக்கு நெகட்டிவ்னு ஒரு காகிதம் கையில இல்லாம ஆறு மாசம் கழிச்சு பாசிட்டிவ்னு வந்தா, வேலையில வந்துச்சா வெளிய வந்துச்சான்னு உன்னையே கேள்வி கேப்பானுக. காகிதம் இருந்தா கேக்க முடியாது.

சட்டம் உன் பக்கம்தான் இருக்கு, எடுத்துக் காட்டத்தான் ஆள் இல்ல. 2017ல எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் வந்துச்சு, 2018 செப்டம்பர் 10ல இருந்து அமல். அதுல 19வது பிரிவைப் படி. மருத்துவ சேவை செய்யற எந்த நிறுவனமா இருந்தாலும் பாதுகாப்பு உபகரணம், அதுக்கு ட்ரெய்னிங், பி.இ.பி. மூணும் வேலை செய்யற எல்லாருக்கும் கொடுக்கணும், இதெல்லாம் இருக்குன்னு சொல்லியும் தரணும். "வேலை செய்யற எல்லாரும்"னா காண்ட்ராக்ட் ஆளும்தான். 20 பேர், அதுக்கு மேல இருக்கிற ஆஸ்பத்திரின்னா புகார் அதிகாரின்னு ஒருத்தரை வச்சிருக்கணும், யாருன்னு கேட்டுப் பாரு, முழிப்பாங்க.

தடுப்பூசிக்கு வேற விதி, 2016 மருத்துவக் கழிவு விதிகள். கழிவு கையாளற எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் ஊசி போட வேண்டியது ஆஸ்பத்திரி பொறுப்பு, வேலைக்குச் சேரும்போது ஹெல்த் செக்கப், அப்புறம் வருஷா வருஷம். ரெண்டு வருஷத்துல உனக்கு ஒரு தடவையாச்சும் பார்த்தாங்களா? ஊசிக் குத்து எத்தனைன்னு வருஷ ரிப்போர்ட்ல காட்டவும் வேணும். ஆடிட் வருதுன்னு சூப்பர்வைசர் பதர்றது இதுக்காகத்தான் இருக்கும்.

நஷ்டஈடு விஷயம். உன் சம்பளம் 21,000க்குள்ளன்னா இ.எஸ்.ஐ.ல இருக்கணும், சம்பளச் சீட்டுல பிடிக்கறாங்களான்னு பாரு. இருந்தா ஆக்சிடென்ட் புக்ல பதிவு பண்ணச் சொல்லு. இ.எஸ்.ஐ. இல்லன்னா 1923ல இருந்து வர்ற தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் (இப்ப 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள சேர்த்துட்டாங்க). ரெண்டுலயும் கேக்க முடியாது, ஒண்ணுதான். நஷ்டஈட்டுச் சட்டத்தோட மூணாவது அட்டவணையில (வேலையால வர்ற நோய்ப் பட்டியல்) முதல் வரியே ஆஸ்பத்திரி, லேப் வேலையில வர்ற தொத்து நோய்தான். அந்த வகை நோய்க்கு இத்தனை மாசம் வேலை பார்த்திருக்கணும்னு கணக்கும் இல்ல. காண்ட்ராக்டர்காரன் ஆஸ்பத்திரியைக் கைகாட்டுவான், ஆஸ்பத்திரி காண்ட்ராக்டரைக் கைகாட்டும், ஆனா முதன்மை முதலாளின்னு ஆஸ்பத்திரியையே பிடிக்கலாம்.

வேலையை விட்டுத் தூக்கவே மாட்டாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. எழுத்துல இருக்கிறவனைத் தூக்கறது கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான்.

பச்சை வென்ஃப்ளான் (காலை 10.40)

எல்லாருக்கும் நன்றி. 3.10க்கு முதல் டோஸ் போட்டாச்சு. கேசுவால்டியில முதல்ல "காலையில வாங்க"ன்னுதான் சொன்னாங்க, அக்கா சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன், டியூட்டி டாக்டர் எந்திரிச்சு வந்துட்டார். ரத்தம் எடுத்துட்டாங்க. பேஷண்டோட ரத்தத்தை நானா டெஸ்ட் பண்ணச் சொல்லலாமா? அவருக்கு ஆபரேஷன் நடந்துட்டு இருக்கு.

கேசுவால்டி அக்கா (10.52)

நீ போய் கேக்காத. அவரோட சம்மதம், இல்லன்னா அவர் சார்பா வீட்டுக்காரங்க சம்மதம் இல்லாம எச்.ஐ.வி. டெஸ்ட் பண்ணக் கூடாது, அதுவும் அதே 2017 சட்டம்தான். அங்க இருக்கிற டாக்டர்கிட்ட விஷயத்தைச் சொல்லு, அவர் அந்த வீட்டுக்காரங்ககிட்ட பக்குவமா கேப்பார், முக்காவாசிப் பேர் ஒத்துப்பாங்க. ஒத்துக்கலைன்னா தெரியாத கேஸ்னு வச்சு 28 நாளும் மாத்திரை போட வேண்டியதுதான். ரிசல்ட் தெரிஞ்சாலும் அது உனக்குள்ளயே இருக்கணும், பைலட் அண்ணன்கிட்ட கூட பேர் சொல்லிப் பேசாத.

ஜெர்சி குளிர் (11.30)

நான் அமெரிக்காவுல பாராமெடிக். இங்க ஓஷா (வேலையிட பாதுகாப்பைப் பார்க்கற அரசு அமைப்பு) விதி 1991ல இருந்தே இருக்கு, வேலைக்குச் சேர்ந்த 10 வேலை நாளுக்குள்ள ஹெபடைடிஸ் பி ஊசியை முதலாளி இலவசமா கொடுக்கணும், வேணாம்னா நாமதான் கையெழுத்து போட்டுத் தரணும். 2000ல ஊசிக் குத்து பாதுகாப்புச் சட்டம் வேற வந்துச்சு. இப்ப நாங்க போடற கேனுலாவுல (வென்ஃப்ளான் மாதிரிதான்) ஊசியை உருவினதும் முனை தானா மூடிக்கும்.

நாலு வழிச் சாலை (11.41)

அந்தக் கேனுலா இங்கயும் கிடைக்குதுங்க. பர்ச்சேஸ்ல கேட்டா விலையைச் சொல்லி அனுப்பிடுவாங்க.

பச்சை வென்ஃப்ளான் (மறுநாள் காலை)

அப்டேட். பேஷண்டோட வீட்டம்மா உடனே சரின்னுட்டாங்க. எச்.ஐ.வி. நெகட்டிவ், வேற ரிஸ்க்கும் இல்லைங்கறதால டாக்டர் பி.இ.பி.யை நிறுத்தச் சொல்லிட்டார். ஆனா அக்கா, நீங்க சொன்ன இடத்துலயே வந்து நிக்குது. அவருக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். என் டைட்டர் 10க்கு கீழ, எதிர்ப்பு சக்தி பத்தாது.

நேத்து ராத்திரியே எச்.பி.ஐ.ஜி. (ஹெபடைடிஸ் பிக்கு ரெடிமேடா எதிர்ப்பு சக்தி கொடுக்கற ஊசி) ஒரு பக்கம், தடுப்பூசி இன்னொரு பக்கம் போட்டாங்க. 24 மணி நேரம்னு கணக்கு சொன்னாங்க, 23வது மணி நேரத்துல ஏறுச்சு. மாத்திரை இலவசம், இந்த எச்.பி.ஐ.ஜி.தான் வெளிய வாங்க வேண்டியதாயிருச்சு, மாசச் சம்பளத்துல ஒரு நல்ல துண்டு போயிருச்சு. பைலட் அண்ணன் பாதி கொடுத்தார்.

வீட்ல எப்படி இருக்கணும் அக்கா? பையன் என் தட்டுலதான் சாப்பிடுவான்.

கேசுவால்டி அக்கா (அன்னைக்கே)

சாப்பிடட்டும், தூக்கு, கொஞ்சு, அதுல எல்லாம் ஒண்ணும் பரவாது. ஷேவிங் பிளேடு, டூத் பிரஷ் தனி. ரிசல்ட் எல்லாம் முடியற வரைக்கும் காண்டம், ரத்த தானம் வேணாம். சம்சாரத்துக்கு மாச செக்கப்ல எச்.பி.எஸ்.ஏ.ஜி. எடுத்திருப்பாங்க, கார்டைப் பாரு, நடந்ததை அந்த டாக்டர்கிட்டயும் சொல்லிடு, அவங்களுக்கும் ஊசி போடறதா இருந்தா கர்ப்பத்துலயும் போடலாம். குழந்தை பிறந்ததும் 24 மணி நேரத்துக்குள்ள பி ஊசி எப்படியும் போடுவாங்க.

எச்.சி.வி. என்னாச்சு? அதுக்கு முன்கூட்டி போட மருந்து எதுவும் கிடையாது, டெஸ்ட் பண்ணிட்டே இருக்கிறதுதான். வந்தாலும் 12 வாரம் மாத்திரையில பெரும்பாலும் சரியாயிடுது, கவர்ன்மென்ட்ல 2018ல இருந்து இலவசம்.

பச்சை வென்ஃப்ளான்

எச்.சி.வி. அவருக்கும் நெகட்டிவ் அக்கா. சம்சாரம் கார்டுலயும் நெகட்டிவ்னு இருக்கு.

பச்சை வென்ஃப்ளான் (12 நாள் கழிச்சு)

கேட்டவங்களுக்காக. சைக்கிள் அண்ணன் எழுதிக் கொடுத்த லெட்டரை எச்.ஆர்.ல கொடுத்து சீல் வாங்கினேன். புகார் அதிகாரி யாருன்னு கேட்டேன், அண்ணன் சொன்ன மாதிரியே முழிச்சாங்க. சூப்பர்வைசர் ரெண்டு நாள் பேசல, மூணாவது நாள் அவரே வந்து "எனக்கும் மூணாவது ஊசி போடல தம்பி, எங்க போடறது"ன்னு கேக்கறார். நேத்து நாலு வண்டி ஆளுகளுக்கும் லேப்ல டைட்டர் எடுத்தாங்க. எனக்கு அடுத்த டோஸ் இன்னும் ரெண்டரை வாரத்துல.

ஷார்ப்ஸ் டப்பாவுக்கு ஸ்டாண்ட் வரும்னு சொன்னாங்க, வரல. பைலட் அண்ணன் கேபிள் டை வாங்கிட்டு வந்து தலைமாட்டு சீட் பக்கத்துக் கம்பியில கட்டிட்டார். உட்கார்ந்த இடத்துல இருந்து எட்டுது. எச்.பி.ஐ.ஜி. பில் மட்டும் "ப்ராசஸ்ல இருக்கு"ங்கறாங்க.

நாப்பது கால் சைக்கிள்

ஒரிஜினல் பில்லைக் கொடுத்துட்டியா?

பச்சை வென்ஃப்ளான்

இல்லண்ணே, ஜெராக்ஸ்தான். ஒரிஜினல் வீட்ல அரிசி டப்பாவுக்குள்ள இருக்கு.