முழு பிஜிபி டேபிள் வாங்கியதும் ரூட்டர் திணறுகிறது. ரேம் பாதி காலியாக இருந்தும் ஏன்?

நெய்தல்:
வணக்கம். எங்கள் எல்லை ரூட்டரில் இரண்டு இணைப்பு நிறுவனங்களிடமிருந்தும் இதுவரை டீஃபால்ட் ரூட் (தனி வழி தெரியாத எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே வழி) மட்டும் வாங்கிக்கொண்டிருந்தோம். போன வாரம் இரண்டிலும் முழு பிஜிபி டேபிளுக்கு, அதாவது ரூட்டர்கள் பிஜிபி நெறிமுறையில் பரிமாறும் மொத்த இணைய வழிப்பட்டியலுக்கு, மாறினோம். அன்றிலிருந்து சிபியு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. சில தளங்கள் பறக்கின்றன, சில தவழ்கின்றன. பிஜிபி செஷன் (அண்டை ரூட்டருடனான தொடர்பு) ஒருமுறை அறுந்து மீண்டால், தவழும் தளங்களின் பட்டியலே மாறிவிடுகிறது! ரேம் 4 ஜிபி, பாதி காலி. இன்னும் 4 ஜிபி போட்டால் சரியாகுமா?

வழிப்போக்கன்:
ஒரு டேபிளை நிறுத்திவிடுங்கள். சுமை பாதியாகும்.

பழங்கம்பி:
நிறுத்தினால் ரேம்தான் மிச்சமாகும். அதற்குத்தான் இங்கே பஞ்சமே இல்லையே. அண்டை ரூட்டர்கள் சொல்லும் வழிகளையெல்லாம் பிஜிபி ரேமில் வைத்துக்கொள்ளும். அவற்றில் பிரிஃபிக்ஸுக்கு (முகவரித் தொகுதிக்கு) ஒன்றாகத் தேர்ந்த சிறந்த வழி மட்டுமே, பாக்கெட்டுகளைக் கடத்தும் சிப்பின் டிகேம் என்ற தனி தேடல் நினைவகத்துக்கு இறங்கும். முழு டேபிளை ஒருவர் கொடுத்தாலும் இருவர் கொடுத்தாலும் அங்கே இறங்குவது ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைதான்: இன்று ஐபிவி4-இல் பத்து லட்சத்தை ஒட்டி, ஐபிவி6-இல் இரண்டு லட்சத்துக்கு மேல்.

டிகேமில் இடம் கிடைக்காத வழிகளுக்கான பாக்கெட்டுகள் சிபியுவின் தலையில் விழுகின்றன. யார் முந்தி இறங்கினாரோ அவருக்கு இடம். அதனால்தான் செஷன் மீளும்போதெல்லாம் பட்டியல் மாறுகிறது. 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக டேபிள் 512 ஆயிரத்தைத் தாண்டியபோது பழைய ரூட்டர்கள் பல இப்படித்தான் தடுமாறின. லாகில் வன்பொருள் டேபிள் நிரம்பியதாக வரி இருக்கிறதா? டிகேம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது?

நெய்தல்:
இருக்கிறது ஐயா. 'சில வழிகள் மென்பொருளில் கையாளப்படும்' என்ற பொருளில், மாற்றிய அன்றே வந்திருக்கிறது. ஐபிவி4-இல் 5,24,288 வழிகளுக்கும், ஐபிவி6-இல் 2,62,144 வழிகளுக்கும் இடம். ரூட்டரை மறுதொடக்கம் செய்தால் பங்கை மாற்றலாம் என்கிறது கையேடு.

பழங்கம்பி:
ஐபிவி6 வழி ஒன்று இரண்டு இடங்களைப் பிடிக்கும். ஆக மொத்தம் 10,48,576 இடங்கள். முழுவதையும் ஐபிவி4-க்கே கொடுத்தாலும் மூச்சுவிட இடமில்லை, ஐபிவி6-ஐத் தெருவில் விட வேண்டியதுதான். பங்கு மாற்றுவது வீண் வேலை. ரேமில் முழு டேபிளை வைத்துக்கொண்டு, டிகேமுக்குத் தேர்ந்த வழிகளை மட்டும் இறக்கும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. உங்களுடையதில் உண்டா?

நெய்தல்:
இல்லை.

பழங்கம்பி:
அப்படியானால் இருவரிடமும் டீஃபால்ட் ரூட்டும் அவர்களுடைய நேரடி வாடிக்கையாளர் வழிகளும் மட்டும் கேளுங்கள். இரண்டே இணைப்புகள் உள்ள இடத்தில் முழு டேபிள் பெரும்பாலும் ஆடம்பரம் என்பது என் எண்ணம்.

வழிப்போக்கன்:
அவர்கள் மாற்றித்தரும் வரை உள்வரும் ஃபில்டரை நாமே போட்டுக்கொள்ளலாமே?

பழங்கம்பி:
தாராளமாக. ஃபில்டர் தள்ளிய வழி டிகேமுக்குப் போகாது. சாஃப்ட் ரீகான்ஃபிகரேஷனை மட்டும் அணைத்துவிடுங்கள். தள்ளிய வழிகளையும் அது ரேமில் சேர்த்துவைக்கும். ரூட் ரெஃப்ரெஷ் (வழிகளை அண்டை ரூட்டரிடம் மீண்டும் கேட்டு வாங்கும் வசதி) இருக்கும்போது அது தேவையில்லை.

நெய்தல்:
ஃபில்டர் போட்டாயிற்று. ஐபிவி4 வழிகள் ஒன்றரை லட்சத்துக்குள் வந்துவிட்டன, சிபியு 15 சதவீதம். டீஃபால்ட் ரூட்டை ஸ்டாட்டிக்காக வைத்தால் போதுமா?

பழங்கம்பி:
வேண்டாம், பிஜிபி வழியாகவே வாங்குங்கள். செஷன் விழுந்தால் அதுவும் கூடவே விலகி, மற்றவரின் டீஃபால்ட் பொறுப்பேற்கும். ஸ்டாட்டிக் ரூட் பல நேரங்களில் செத்த இணைப்பையே காட்டிக்கொண்டு நிற்கும்.