ஹீட்டர் போட்டதும் இடது எரிபொருள் எண் துள்ளுகிறது. டேங்க் கணக்கும் இடிக்கிறது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். அமெரிக்காவின் மினசோட்டாவில் பைப்பர் செமினோல் (பிஏ-44-180) விமானத்தில் பறந்து வருகிறேன். குளிர் தொடங்கியதிலிருந்து இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. கேபின் ஹீட்டரைப் போட்டதும் இடது எஞ்சினின் எரிபொருள் ஓட்டம் மணிக்கு ஒன்றரை காலன் அளவுக்குச் சட்டென்று ஏறி, ஓரிரு விநாடிகளில் பழைய எண்ணுக்கே திரும்புகிறது. அதன் பிறகும் அவ்வப்போது இப்படித் துள்ளுகிறது. வலது எண் அசைவதே இல்லை. அடுத்தது, மூன்று மணி நேரம் பறந்துவிட்டு டேங்க்குகளை நிரப்பும்போது, வலது டேங்க் டோட்டலைசர் (செலவான எரிபொருளைக் கூட்டிக் காட்டும் கருவி) சொன்ன அளவையே கொள்ள, இடது டேங்க் ஏறத்தாழ ஒன்றரை காலன் கூடுதலாகக் கொள்கிறது. கோடையில் இந்த இரண்டு தொல்லைகளும் இருந்ததில்லை. கசிவாக இருக்குமோ என்பதே என் முதல் கவலை.

பதில் 1

இடது எரிபொருள் ஓட்டச் சென்சாரின் கே-ஃபேக்டரை, அதாவது ஒரு காலனுக்கு இத்தனை துடிப்புகள் என்று கருவியில் பதிந்திருக்கும் எண்ணை, சற்றே மாற்றினால் டேங்க் கணக்கு சரியாகிவிடும். நானும் வேறொரு விமானத்தில் அப்படித்தான் செய்தேன்.

பதில் 2 (பராமரிப்புப் பொறியாளர்)

தயவுசெய்து கே-ஃபேக்டரைத் தொடாதீர்கள். கோடையில் சரியாகக் காட்டும் சென்சாரை மாற்றியமைத்தால், குளிர்காலப் பிழை கோடைக்கு இடம் மாறுமே தவிர நீங்காது.

நீங்கள் சொல்லும் இரண்டையும் ஒரே காரணத்தில் முடிச்சுப் போட முடியாது. துள்ளும்போது கருவி அதிகமாகக் காட்டுகிறது. டேங்க் கணக்கிலோ குறைவாக எண்ணியிருக்கிறது. ஒரே கோளாறு இரண்டு எதிர்த்திசைகளில் பிழை செய்வது அரிது.

டேங்க் கணக்கை முதலில் பார்ப்போம். செமினோலின் மூக்குப் பகுதியில் இருப்பது பெட்ரோல் எரித்துச் சூடாக்கும் ஜானிட்ரால் ஹீட்டர். அது இடது டேங்க்கிலிருந்து மணிக்கு ஏறத்தாழ அரை காலன், அதாவது சுமார் 1.9 லிட்டர், எடுத்துக்கொள்கிறது. சென்சார் பெரும்பாலும் எஞ்சின் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் பொருத்தப்படுவதால், அதற்கு முன்பே பிரிந்து போகும் ஹீட்டர் எரிபொருள் அதன் கண்ணில் படுவதில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒன்றரை காலன் என்ற உங்கள் கணக்கு இதனுடன் அப்படியே பொருந்துகிறது. ஹீட்டர் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டர் இருந்தால், அதன் நேரத்தில் பாதியைக் காலனாக எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். வித்தியாசம் அதைவிடத் தெளிவாகக் கூடினால் மட்டும் கசிவைத் தேடுங்கள்: மூக்கின் அடியிலுள்ள வடிகுழாய் முனையிலும் அதன் பின்புறத் தகட்டிலும் 100 எல்எல் விமானப் பெட்ரோலின் நீலக்கறை படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

துள்ளல் வேறு கதை. ஹீட்டரின் தீப்பொறி தொடர்ந்து அடித்துக்கொண்டே இருக்கும். அதன் மின் இரைச்சல் சென்சார் ஒயரில் ஏறினால் எண் ஓயாமல் ஆடும். உங்களுடையதோ அவ்வப்போது மட்டும் ஆடுவதால், தெர்மோஸ்டாட் எரிபொருள் வால்வைத் திறந்து மூடும் கணங்களில் எழும் மின் அதிர்ச்சியையே நான் சந்தேகிக்கிறேன். சோதிக்க எளிய வழி உண்டு. திறந்த வெளியில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, எஞ்சின்கள் ஓடாத நிலையில் ஹீட்டரை இயக்குங்கள். காற்று உள்ளிழுக்கும் லீவரைச் சற்றேனும் திறக்காவிட்டால் ஹீட்டர் தொடங்காது. எஞ்சின் நிற்கும்போது ஓட்டம் சுழியமாகத்தான் இருக்க வேண்டும். அப்போதும் இடது எண் துள்ளினால் அது எரிபொருள் அல்ல, மின்சாரம். சோதனை முடிந்ததும் சுவிட்சை ஃபேன் நிலையில் வைத்து, குறைந்தது இரண்டு நிமிடம் ஹீட்டரை ஆறவிட்ட பிறகே அணைக்க வேண்டும்.

பதில் 3

இடையில் ஒரு ஐயம். என்னுடைய செஸ்னா 172-இல் ஹீட்டர் போட்டாலும் எரிபொருள் கணக்கு மாறுவதில்லையே?

பதில் 4 (பராமரிப்புப் பொறியாளர்)

மாறாது. அதில் சைலன்சரைச் சுற்றியுள்ள உறையில் சூடேறும் காற்றே கேபினுக்கு வருகிறது. தனியாக எதுவும் எரிவதில்லை. அங்கே அஞ்ச வேண்டியது சைலன்சரில் விழும் விரிசலையும் அதன் வழியே நுழையும் கார்பன் மோனாக்சைடையும்தான். கார்புரேட்டரில் பனி உறையாமல் சூடான காற்றை விடும் கார்புரேட்டர் ஹீட்டை இத்துடன் குழப்பிக்கொள்ளாதீர்கள்: அதை இழுத்தால் கலவை செறிவாகும், எஞ்சின் வேகமும் குறையும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. எஞ்சின் நிற்கும்போதே இடது எண் துள்ளியது. மூக்குப் பக்கம் வால்வின் "டிக்" ஓசை கேட்ட அதே நொடியில் துள்ளியதையும் கவனித்தோம். எங்கள் மெக்கானிக் சென்சார் ஒயரின் ஷீல்டை (மின் இரைச்சலைத் தடுக்கும் உறையை) பிரித்துப் பார்த்தபோது, அதன் எர்த் முனை துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. சுத்தம் செய்து இறுக்கியதும் துள்ளல் நின்றுவிட்டது. இடது டேங்க்கின் கூடுதல் அளவு ஹீட்டர் மணி மீட்டருடன் ஒத்துப்போகிறது. நீலக்கறை எங்கும் இல்லை. இனி பயணத் திட்டத்தில் இடது டேங்க்குக்கு மட்டும் மணிக்கு அரை காலன் தனியாகச் சேர்த்து எழுதுகிறேன்.

பதில் 5 (பராமரிப்புப் பொறியாளர்)

நல்லது. ஹீட்டர் மணி மீட்டரைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டதால் இன்னொன்றையும் சரிபாருங்கள். ஜானிட்ரால் பி வரிசை ஹீட்டர்களின் எரிஅறையில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று அறியும் அழுத்தச் சோதனையை அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏயின் ஆணை கட்டாயமாக்கியிருக்கிறது; ஹீட்டர் ஓடிய 100 மணி அல்லது 24 மாதம், எது முந்துகிறதோ அப்போது அதை மீண்டும் செய்ய வேண்டும். கடைசிச் சோதனை எந்த மணியில் நடந்தது என்பதை விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.