கேனான் 80டி-யிலிருந்து எந்த கேமரா பாடிக்கு மாறலாம்? உட்கார்ந்த பறவை சரி, பறக்கும் பறவைதான் சிக்க மாட்டேன் என்கிறது

வால்காக்கை:

வணக்கம் நண்பர்களே. கேனான் 80டி-யும் ஈஎஃப் 100-400 இரண்டாம் பதிப்பு லென்ஸும் வைத்துக்கொண்டு ஆறு வருடமாகப் பறவைகளை எடுத்து வருகிறேன். கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவை என்றால் கவலையே இல்லை, இறகின் நுனிவரை தெளிவாகக் கிடைக்கிறது. பறக்கும்போதுதான் திண்டாட்டம். போன வாரம் ஒரு மீன்கொத்தி ஒரே குச்சியிலிருந்து நாற்பது நிமிடத்தில் ஒன்பது தடவை தண்ணீருக்குள் பாய்ந்தது. ஒன்பது தடவையும் அழுத்தினேன். கிடைத்ததெல்லாம் காலியான குச்சியும், சில படங்களில் குச்சிக்குக் கீழே நீலமாக ஒரு தீற்றலும்தான். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்க மனசே விட்டுப்போனது.

அதனால் பாடியை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். லென்ஸ் இதேதான் இருக்கும். மனதில் மூன்று உண்டு: ஆர்7, ஆர்6 மார்க் 2, இல்லையென்றால் யாராவது பயன்படுத்திய ஆர்5. பொழுது விடியும் முன்பே போய் உட்கார்ந்துவிடுகிறவன் நான், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200 எனக்கு அன்றாடம், அதனால் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் (ஆர்6 மார்க் 2, ஆர்5) பக்கம் மனம் போகிறது. ஆனால் அதில் 400 மிமீ எட்டாமல் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. ஆர்7 விநாடிக்கு 30 படம் எடுக்கும் என்கிறார்கள், 80டி-யில் 7 தான். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே மாறலாமோ என்றும் தோன்றுகிறது. கையில் வைத்துப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

பனங்காடை:

மாடல் பெயருக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வேண்டாம் என்று ஒதுக்கிய படங்களை அழிக்காமல் வைத்திருந்தால் கடைசி இரண்டு மாதத்துப் படங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் எதனால் கெட்டது என்று பிரித்துப் பாருங்கள். ஒரு சாயங்காலம் போதும்.

தலை ஓரளவு தெளிவாக இருந்து சிறகு மட்டும் இழுபட்டிருந்தால் அது ஷட்டர் வேகம் போதாத படம். புல், கிளை, பறவை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பறவை மங்கலாகவும் அதற்குப் பின்னால் இருக்கும் நாணல் கூர்மையாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எதுவுமே கூர்மையாக இல்லாமல், விளிம்பெல்லாம் நெளிநெளியாக, வெயில் ஏறிய பிறகு தூரத்தில் எடுத்தது என்றால் அது கானல். அதை எந்த பாடியாலும் சரி செய்ய முடியாது, எவ்வளவு பெரிய லென்ஸாக இருந்தாலும் சரி. காலியான குச்சி இருக்கிறதே, அது தாமதம். பறவை கிளம்புவதைக் கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் கால் விநாடி போய்விடும், மீன்கொத்திக்கு அது தாராளம்.

இதில் புது பாடி நேரடியாகத் தீர்ப்பது இரண்டைத்தான், ஃபோகஸையும் தாமதத்தையும். ஃபோகஸுக்குக் காரணம், உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி வைத்த 80டி போன்ற டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனியாகக் கீழே இருக்கிறது, 80டி-யின் 45 புள்ளிகளும் நடுப்பகுதியிலேயே குவிந்திருக்கின்றன, பறவை ஓரத்துக்குப் போய்விட்டால் பிடிக்க அங்கே ஆளில்லை. அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் (உங்கள் பட்டியலில் உள்ள மூன்றும் அதுதான்) படம் பதியும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் ஏறக்குறைய முழுப் படச் சட்டத்திலும் பறவையின் கண்ணைத் துரத்தும். தாமதத்துக்கு முன்பதிவு வசதி உண்டு: பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்தால் கேமரா சேமித்துச் சேமித்து அழித்துக்கொண்டே இருக்கும், முழுதாக அழுத்தியதும் அதற்கு முந்தைய அரை விநாடியையும் சேர்த்து எழுதிவிடும். ஆர்7-லும் ஆர்6 மார்க் 2-லும் ரா பர்ஸ்ட் என்ற பெயரில் இது இருக்கிறது. முதல் ஆர்5-ல் இல்லை. உங்கள் மீன்கொத்திக்கு இந்த ஒரு வசதி ஆர்5-ன் 45 மெகாபிக்சலைவிடப் பெரிது என்பேன்.

உழவாரன்:

எட்டாமல் போகுமோ என்ற பயத்துக்குக் கணக்கு போட்டே பார்த்துவிடலாம். இதே லென்ஸ், இதே தூரம், இதே பறவை. கேனான் ஏபிஎஸ்-சி (80டி, ஆர்7-ல் இருக்கும் சின்ன) சென்சார் பார்க்கும் பரப்புக்குள் எத்தனை பிக்சல் விழுகிறது என்பதுதான் கேள்வி. 80டி-யில் 24 மெகாபிக்சல். ஆர்7-ல் 32.5. ஆர்5-ல் அந்தப் பரப்பை வெட்டி எடுத்தால் சுமார் 17. ஆர்6 மார்க் 2-ல் ஒன்பதரைதான். சின்னக் குருவிகளைத் தூரத்திலிருந்து எடுப்பவருக்கு இந்த ஒன்பதரை கொஞ்சம் கஷ்டம், கொக்கு, நாரை, கழுகு எடுப்பவருக்குக் கவலையில்லை.

இன்னொன்று, ஃபுல் ஃப்ரேம் என்றால் நாய்ஸ் (படத்தில் தெரியும் மணல்மணலான புள்ளிகள்) குறைவு என்று எல்லோரும் சொல்கிறோமே, அது சட்டம் முழுவதும் பறவை நிறைந்திருக்கும்போது உண்மை. நீங்கள் எப்படியும் நடுவில் வெட்டித்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால், அந்தப் பறவையின் மேலிருந்து லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் இரண்டு கேமராவிலும் ஒன்றேதான், நாய்ஸும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வரும். பெரிய சென்சாரின் லாபம் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் அந்த இடத்தை நிரப்ப நீளமான லென்ஸ் வேண்டும், அல்லது பறவைக்குக் கிட்டப் போக வேண்டும்.

கிட்டப் போவது என்றதும் ஞாபகம் வருகிறது. 24-லிருந்து 32.5-க்குப் போவது பெரிய தாவல் மாதிரி தெரியும், ஆனால் படத்தின் ஒரு பக்க நீளத்தில் பார்த்தால் 16 சதவீதம்தான் கூடுகிறது. 20 மீட்டரில் இருக்கும் பறவை 15 மீட்டருக்கு வந்தால் 33 சதவீதம் கூடும். துரத்திப் போகச் சொல்லவில்லை, துரத்தினால் பறவை போய்விடும், கூடு கட்டும் காலம் என்றால் அதன் பிழைப்பே கெடும். ஒரே இடத்தில் தாழ்வாக உட்கார்ந்து அது பழகும்வரை காத்திருப்பதைச் சொல்கிறேன்.

செம்போத்து:

நான் ஆர்7-ஐ உங்களுடைய இதே 100-400-உடன் பயன்படுத்துகிறேன். ஈஎஃப் லென்ஸை இந்த பாடியில் மாட்டும் அடாப்டரில் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை, அதனால் வெளிச்சம் குறையாது, ஃபோகஸ் வேகமும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

விநாடிக்கு 30 என்ற எண்ணை மட்டும் நம்பி மாறாதீர்கள். அது எலக்ட்ரானிக் ஷட்டரில் வரும் வேகம். அப்போது சென்சார் மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை வரிவரியாகப் படிக்கப்படுகிறது, வேகமாகப் படிக்கும் ஸ்டாக்டு சென்சார் இல்லாத ஆர்7-க்கு அதற்கு ஏறக்குறைய 1/30 விநாடி ஆகிறது. விநாடிக்கு 8 முறை சிறகடிக்கும் பறவை என்று வைத்துக்கொள்ளுங்கள், மேல் வரி படித்துக் கீழ் வரி வருவதற்குள் அதன் சிறகு கால்வாசி அடிப்பை முடித்திருக்கும். ஷட்டர் வேகத்தை 1/4000 வைத்தாலும் இந்த வளைவு போகாது, ஒவ்வொரு வரியும் கூர்மையாக இருக்கும், சிறகு மட்டும் வளைந்திருக்கும். முன்பு வேறொரு மிரர்லெஸ் வைத்திருந்தபோது ஒரு முழுக் காலைப் பொழுதின் தகைவிலான் படங்களை இப்படித்தான் இழந்தேன், கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே அருமையாகத் தெரிந்தன. இப்போது பறவை பறந்தால் மெக்கானிக்கல் ஷட்டர், விநாடிக்கு 15, எனக்கு அதுவே மிச்சம். மறைவிடத்தில் ஆந்தை மாதிரி அசையாத பறவை என்றால் சத்தமில்லாத எலக்ட்ரானிக்.

ரா பர்ஸ்ட்டும் எலக்ட்ரானிக் ஷட்டரில்தான் ஓடும், அதனால் பனங்காடை சொன்ன முன்பதிவிலும் சில படங்களில் சிறகு வளையும். உடலை ஒடுக்கிக்கொண்டு நேராகப் பாயும் மீன்கொத்திக்குப் பெரும்பாலும் தப்பிவிடும். அந்தப் படங்கள் எல்லாம் ஒரே கோப்பாகச் சேமிக்கப்படும், வேண்டியதைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும், பொறுமை வேண்டும்.

பஃபரும் (கார்டில் எழுதும்வரை படங்களைத் தாங்கும் நினைவகம்) சில விநாடிகளில் நிரம்பிவிடும். சி-ரா (சுருக்கிய ரா கோப்பு) வைத்தால் கூடுதலாகத் தாங்கும்.

கண் கண்டுபிடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் அடர்ந்த கிளைக்குள் பறவை இருந்தால் முன்னால் இருக்கும் இலைக்குப் போய்விடும். நான் ஃபோகஸைத் தொடங்கும் ஏஎஃப்-ஆன் பொத்தானில் ஒற்றைப் புள்ளியும் பக்கத்து நட்சத்திரப் பொத்தானில் கண் துரத்தலும் வைத்திருக்கிறேன். முதலில் புள்ளியால் பறவையைத் தொட்டுவிட்டு, உடனே கட்டைவிரலை நகர்த்துவேன். இரண்டு வாரத்தில் விரல் தானாகவே பழகிவிடும்.

வால்காக்கை:

பனங்காடை அண்ணா, நீங்கள் சொன்னபடியே பிரித்தேன். மொத்தம் 386 படம். சிறகு இழுபட்டவை 171. பறவை கிளம்பிப் போனவை 94. ஃபோகஸ் பின்னால் போனவை 68. மிச்சம் கானலும் கை ஆட்டமும். முதல் எண்ணைப் பார்த்து உறைந்துபோய்விட்டேன். ஐஎஸ்ஓ-வை 3200-க்கு மேல் விடக் கூடாது என்று வரம்பு வைத்து, அப்பர்ச்சர் முறையில் (லென்ஸ் திறப்பை நான் வைக்க, ஷட்டரைக் கேமரா தேர்ந்தெடுக்கும்) எடுத்து வந்திருக்கிறேன், ஷட்டர் பார்த்தால் 1/500, 1/640 என்று நிற்கிறது. உட்கார்ந்த பறவைக்கு அது போதும், அதனால் ஆறு வருடமாகக் கண்ணில் படவே இல்லை.

இதை 80டி-யிலேயே சரி செய்யலாம் அல்லவா?

பனங்காடை:

தாராளமாக. மேனுவல் முறை, ஷட்டர் 1/2500, அப்பர்ச்சர் முழுத் திறப்பு, ஐஎஸ்ஓ ஆட்டோ. விடியற்காலையில் ஐஎஸ்ஓ 12800-க்கே போனாலும் விடுங்கள். நாய்ஸை மென்பொருளில் குறைத்துவிடலாம், இழுபட்ட சிறகை ஒன்றும் செய்ய முடியாது. 1/640-லிருந்து 1/2500 என்றால் இரண்டு ஸ்டாப், அதாவது முக்கால் பங்கு வெளிச்சம் போகிறது, அதனால் பறக்கும் பறவைக்கு மட்டும் வெயில் கொஞ்சம் ஏறும்வரை காத்திருப்பது நல்லது.

ஒரு மாதம் இப்படி எடுத்துவிட்டு மறுபடி பிரியுங்கள். தாமதமும் ஃபோகஸும் சேர்ந்து இப்போதே 162 இருக்கிறது, அது 80டி-யில் பெரிதாகக் குறையாது என்றுதான் நினைக்கிறேன், அப்போது ஆர்7-க்கு மாறுவதில் எனக்கு மறுப்பே இல்லை.

உழவாரன்:

நானும் அதையே சொல்வேன். ஆர்6 மார்க் 2-வின் ஃபோகஸ் இன்னும் நிதானமானது, எலக்ட்ரானிக் ஷட்டரிலும் வளைவு குறைவு, ஆனால் 400 மிமீயோடு மீன்கொத்தி, பஞ்சுருட்டான் அளவுப் பறவைகள் என்றால் அந்த ஒன்பதரை மெகாபிக்சல் உங்களை உறுத்திக்கொண்டே இருக்கும். பின்னாளில் 600 மிமீ போகும் எண்ணம் இருந்தால் வேறு கதை.

வால்காக்கை:

சரி, ஒரு மாதம் 80டி-யோடு பார்க்கிறேன். அதற்குள் நண்பர் ஒருவர் தன் ஆர்7-ஐ இரண்டு நாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதே குச்சிக்கு எதிரில் போய் உட்காரப்போகிறேன். என்னிடம் இருக்கும் பழைய பேட்டரியும் மெமரி கார்டும் அதில் போகுமா?

செம்போத்து:

80டி-யின் எல்பி-ஈ6என் பேட்டரி அப்படியே போகும். இரண்டு மூன்று எடுத்துப் போங்கள், வியூஃபைண்டர் எரிந்துகொண்டே இருப்பதால் 80டி அளவுக்கு நாள் முழுக்க வராது. பழைய கார்டும் வேலை செய்யும், ஆனால் யுஎச்எஸ்-1 கார்டு என்றால் ஒரு பர்ஸ்ட் எழுதி முடிக்கும்வரை அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், மீன்கொத்தி மறுபடி பாய்வது சரியாக அந்த நேரத்தில்தான் நடக்கும். நண்பரிடம் யுஎச்எஸ்-2 கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அதையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். போய் உட்கார்ந்ததும் முதலில் அந்தக் குச்சியில் ஒருமுறை ஃபோகஸ் வைத்துவிடுங்கள். லென்ஸ் அந்தத் தூரத்தில் தயாராக நின்றால் கேமரா பின்னால் இருக்கும் நாணலுக்கு ஓடாது.