புதுப்பிப்பு: சாயம் போன லெதர் சீட் தேறிவிட்டது

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஓட்டுநர் சீட்டின் வெளி ஓரம் சாயம் உரிந்து வெடித்திருந்ததற்கு வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது, "கண்டிஷனர் (லெதரை மென்மையாக வைக்கும் பூச்சு) போதாது, சாயத்தையே புதுப்பியுங்கள்" என்ற யோசனைதான்.

முதலில் லெதர் கிளீனரும் மென்மையான பிரஷும். நுரை டிகாஷன் நிறத்தில் வந்தது! பிறகு எண்ணெய்ப்பசை போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெடிப்புகளை அடைக்க, வளைந்து கொடுக்கும் ஃபில்லரை (நிரப்பும் பசை) மெலிதாக இழுத்துவிட்டேன். அதன்மேல் லெதர் சாயத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் மேட் டாப்கோட் (பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு). இதைத் தவிர்த்தால் சாயம் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எதிர்பாராதது: அழுக்கு போனதும் சீட்டின் நிறமே வேறு. சாயம் வாங்குபவர்கள் கழுவிய பிறகு நிறம் பாருங்கள். ஆழமான ஒரு வெடிப்பு மட்டும் சாய்வெளிச்சத்தில் இன்னும் கோடாகத் தெரிகிறது.