மறு: ஜியோ இன்ஜினியரிங் – தமிழில் என்ன? (நாளை மாலை கெடு)

மீ. எழுதியது:
நண்பர்களே, பள்ளிப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். 'புவிப்பொறியியல்' என்று போட்டேன், சரிபார்த்தவர் "மண் பரிசோதனையா?" என்று கேட்டுவிட்டார். புவி சூடாவதைத் தணிக்க மனிதர் பெரிய அளவில் தலையிடுவதுதான் ஜியோ இன்ஜினியரிங். பாடத்தில் அதன் இரண்டு சங்கதிகள். காற்றில் கலந்துவிட்ட கார்பன் டை ஆக்சைடை எடுத்துப் புதைப்பது ஒன்று. வளிமண்டலத்தின் மேலடுக்கில் கந்தகத் துகள் தூவி வெயிலைத் தணிப்பது இன்னொன்று. படத்தில் பெட்டி சிறியது, நீளச் சொல் ஆகாது.

வே. எழுதியது:
முதலாவது 'கரிவாயுப் பிடிப்பு'. கார்பன் என்பதே நம் 'கரி' கடல் தாண்டிப் போனதுதான். கரி, கருமை, கார், காரி, கருள் எல்லாம் ஒரே வேர். விரிவாக நாளை எழுதுகிறேன்.

ந. எழுதியது:
நாளை வேண்டாம் ஐயா. கார்பன், லத்தீன் 'கார்போ'விலிருந்து வந்தது. ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா? 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா', அதாவது ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்ததும் விளங்காது என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். தவிர, வாயுப் பிடிப்பு என்றால் மாணவன் முதுகைத் தடவிக்கொள்வான்.

பிடிப்பு வேறு, அகற்றல் வேறு. புகைபோக்கியில் மடக்கினால் புதிதாகச் சேர்வதுதான் குறையும். காற்றிலிருந்து எடுத்தால்தான் ஏற்கெனவே இருப்பது குறையும். ஐஸ்லாந்தில் 2021இல் தொடங்கிய ஓர்கா ஆலை இந்த இரண்டாம் வகை. ஆண்டுக்கு 4,000 டன் எடுக்க வடிவமைத்தார்கள். உலகம் கக்குவதோ ஆண்டுக்கு 3,500 கோடி டன்னுக்கு மேல். எனவே 'கரிம அகற்றல்'.

செ. எழுதியது:
இரண்டாவதற்கு 'வெயில்மறைப்பு'. புறநானூறு 35இல் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனின் குடையைப் பாடும்போது 'வெயில்மறை' என்றே சொல்கிறார். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை கக்கிய கந்தகம் உலகைச் சுமார் அரை டிகிரி குளிர்வித்தது. அந்தக் குடையைத்தான் இப்போது கையால் விரிக்கப் பார்க்கிறார்கள்.

ந. எழுதியது:
பாட்டை முழுக்கப் படியுங்கள் அண்ணே. உன் குடை வெயில் மறைக்கவா, இல்லை, வருந்திய குடிகளை மறைத்துக் காக்க என்கிறார் புலவர். நிலவரி பாக்கியைத் தள்ளச் சொல்லிப் பாடியது அது. இந்தக் குடையை யார் பிடிப்பார், யார் தலை நனையும்? பினாடுபோவுக்கு அடுத்த ஆண்டு நிலப்பரப்பில் மழை குறைந்ததும் உண்டு. துகள் ஓரிரு ஆண்டில் உதிர்ந்துவிடும், கரிவாயு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். நடுவில் தூவுவதை நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த சூடு மொத்தமாகத் திரும்பும். இதற்குப் போய்ப் புறநானூற்றுப் பெயர் சூட்டினால் பையன்கள் தீர்வு என்றே நம்பிவிடுவார்கள்.

வே. எழுதியது:
அப்படிப் பார்த்தால் 'பொறியியல்' இன்னும் மோசம். கேட்டதுமே எல்லாம் கைக்குள் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் பொறிக்கு எலிப்பொறி என்றும் பொருள் உண்டு, தீப்பொறி, ஐம்பொறி…

மீ. எழுதியது:
ஐயா, கெடு!

மீ. எழுதியது (மறுநாள்):
அனுப்பிவிட்டேன். தலைப்பு 'காலநிலைத் தலையீடு'. இரண்டையும் ஒரே பெயரில் அடைக்காமல் பெட்டிகளில் 'கரிம அகற்றல்', 'வெயில் குறைப்பு' என்று தனித்தனியாகப் போட்டேன். மூவர் சரி என்றார்கள், அதுவே பெரும்பான்மை.

வே. எழுதியது:
'கரிம' என்றால் கரிம வேதியியல் நினைவுக்கு வராதா? என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செ. எழுதியது:
என்னுடையதையும். 'மறைப்பு' போனது போகட்டும், குடை என்ற சொல்லாவது எங்காவது இருக்கிறதா?

மீ. எழுதியது:
சொல் இல்லை. ஆனால் ஓவியர் பூமிக்கு மேல் குடைதான் வரைந்து வைத்திருக்கிறார்.